ஞாயிறு ஆட்டம், திங்கள் இடுப்புவலி: ஏர்சாஃப்ட் வெஸ்ட் மாட்டுபவர்களுக்கு

கேள்வி இதுதான்: "வயது 27, எடை 68 கிலோ, கம்ப்யூட்டர் முன்னால் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அழகர்கோவில் பக்கம் ஒரு தோப்பில் நண்பர்களோடு ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் குண்டு சுடும் துப்பாக்கியோடு சிப்பாய்கள் மாதிரி ஆடும் சண்டை விளையாட்டு) ஆடுகிறேன். இரும்புத் தகடு போட்ட வெஸ்ட், ஹெல்மெட், துப்பாக்கி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 12 கிலோ வரும். திங்கட்கிழமை காலையில் குனிந்து ஷூ மாட்ட முடியவில்லை. டிஸ்க் விலகியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. எம்ஆர்ஐ எடுக்கணுமா, இடுப்பு பெல்ட் வாங்கலாமா, ஆட்டத்தையே விட்டுவிடணுமா?"

தம்பி, ஆட்டத்தை விட வேண்டாம். எம்ஆர்ஐ இப்போதைக்கு வேண்டாம். பெல்ட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்கள், பைக்கிலேயே நாள் முழுக்கச் சுற்றும் மருந்துக் கம்பெனிக்காரர்கள், இப்போது உங்களைப் போல வெஸ்ட் மாட்டும் பிள்ளைகள் என்று சுமையால் வலி வந்தவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

எதற்கு உடனே ஓட வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலில் பலம் குறைந்து நடக்கும்போது பாதம் தொங்கினால், சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்துப்போனால், சிறுநீர் வராமல் அடைத்தால் அல்லது தெரியாமலே போனால், அன்றைக்கே அரசு இராசாசி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நடுராத்திரி என்றாலும் சரி, விடியட்டும் என்று இருக்காதீர்கள். தண்டுவடத்துக்குக் கீழே இறங்கும் நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று அதற்கு அர்த்தம். தாமதித்தால் திரும்பாத சேதம் ஆகிவிடும். பாறையிலிருந்து விழுந்து வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவதோடு வரும் வலி, படுத்தாலும் விடாமல் ராத்திரி எழுப்பும் வலி இவற்றுக்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. அதனால் மேலே போகலாம்.

12 கிலோ உங்கள் எடையில் 18 சதவீதம்கூட இல்லை. பயிற்சி பெற்ற சிப்பாய்க்குச் சண்டைச் சுமை உடல் எடையில் சுமார் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க ராணுவக் கையேட்டின் கணக்கு. மார்க்கெட்டில் 50 கிலோ மூட்டையை முதுகில் ஏற்றுபவர் உங்களைவிட ஒல்லியாக இருப்பார். ஆக, எடை மட்டும் குற்றவாளி இல்லை. அந்த எடை உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, அதோடு எவ்வளவு நேரம் குனிந்தே இருக்கிறீர்கள், இந்த இரண்டும்தான் இடுப்பைப் பிடிக்கின்றன.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். உலோக உடம்பு உள்ள மின்சார ஏர்சாஃப்ட் துப்பாக்கி சுமார் 3 கிலோ. அதை நீட்டிப் பிடித்தால் அதன் எடை முதுகெலும்பிலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னால் இருக்கும். உங்களை முன்பக்கம் விழாமல் பின்னால் இழுத்துப் பிடிக்கிற முதுகுத் தசையோ முதுகெலும்புக்கு 5 சென்டிமீட்டர் பின்னால்தான் இருக்கிறது. எட்டு மடங்கு வித்தியாசம். 3 கிலோ துப்பாக்கிக்காக அந்தத் தசை 24 கிலோ இழுக்க வேண்டும், இழுத்தபடியே நிற்கவும் வேண்டும். மூட்டைக்காரர் சுமையை முதுகோடு ஒட்டி வைக்கிறார், லாரியிலிருந்து கடைக்குப் போனதும் இறக்கிவிடுகிறார். சித்திரைத் திருவிழாவில் அழகர்மேல் தண்ணீர் பீய்ச்சுபவர்கள் தோப்பறை என்ற தோல் தண்ணீர்ப் பையை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். தோளில் மாட்டி விலாவோடு அணைத்துப் பிடிப்பார்கள், ஒருவரும் நெஞ்சுக்கு முன்னால் தொங்கவிட மாட்டார்கள். நீங்கள் மட்டும் தகடு, குண்டு நிரப்பிய மேகசின், ரேடியோ என்று எல்லாவற்றையும் நெஞ்சில் அடுக்கி, அதற்கும் முன்னால் துப்பாக்கியை நீட்டி, மரத்துக்குப் பின்னால் பாதி குனிந்து காத்திருக்கிறீர்கள்.

குனிவது எவ்வளவு அழுத்தம் தருகிறது என்பதை ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960களில் டிஸ்க்குக்குள்ளேயே, அதாவது முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வுக்குள்ளேயே, ஊசி செலுத்தி அளந்தார். நிமிர்ந்து நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 100 என்று வைத்தால் முன்னால் குனியும்போது 150, கையில் சுமையோடு குனியும்போது 220. அதோடு இன்னொன்று நடக்கிறது. நெடுநேரம் குனிந்தே இருந்தால் முதுகெலும்பின் பின்பக்கத் தசைநார்கள் மெல்ல நீண்டு தளர்ந்துபோகும், நிமிர்ந்த உடனே பழைய இறுக்கம் திரும்பாது, கொஞ்ச நேரம் பிடிக்கும். உங்கள் ஆட்டத்தில் என்ன நடக்கிறது? கால் மணி நேரம் பதுங்கிக் கிடந்துவிட்டு, எதிரணி அசைந்த நொடியில் எழுந்து ஒரே ஓட்டம். தளர்ந்துபோன இடுப்பின்மேல் 12 கிலோவோடு திடீர் முறுக்கு. பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அந்த நொடியில்தான். உடம்பில் சூடு இருக்கும்வரை தெரியாது, மறுநாள் காலையில் தெரியும். அதனால் பதுங்கும்போது இடுப்பை வளைக்காமல் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, முதுகு நேராக இருங்கள். ஓடுவதற்கு முன் இரண்டு மூச்சு நேரம் நிமிர்ந்துகொள்ளுங்கள். அதற்குள் சுட்டுவிடுவானே என்றால், சுடட்டும்.

வலி எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் தெளிவாக எழுதவில்லை. அது முக்கியமான துப்பு. இடுப்பின் இரண்டு பக்கமும் பட்டையாகப் பிடித்தால் நான் மேலே சொன்ன குனிவுதான் காரணம். ஒரு பக்கம் மட்டும் என்றால், துப்பாக்கியை எப்போதும் ஒரே தோளில் வைத்து உடம்பைத் திருகி நிற்கிறீர்களா என்று பாருங்கள். கழுத்திலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் என்றால் ஹெல்மெட்டைச் சந்தேகப்பட வேண்டும். ஹெல்மெட்டின் எடையைவிட, அதன் நெற்றியில் மாட்டிய கேமராவும் டார்ச்சும்தான் கழுத்தை இழுக்கும். கழற்றிவிடுங்கள். தோள் பட்டை அழுத்திக் கை விரல்கள் மரத்தால் அது முதுகுப் பிரச்சினையே இல்லை. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகள் தோளில் நசுங்குகின்றன. கனமான பை சுமக்கும் சிப்பாய்களுக்கும் மலையேறிகளுக்கும் வருவது இது. கை தூக்கவே பலமில்லாமல் போகும் அளவுக்கு விட்டுவிடக் கூடாது.

தொடையின் வெளிப்பக்கம் எரிந்தாலோ, எறும்பு ஊர்வது போல இருந்தாலோ டிஸ்க் போய்விட்டது என்று எல்லோரும் பயப்படுவார்கள். பெரும்பாலும் சாமான் மாட்டும் இடுப்பு பெல்ட்டின் வேலை. இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகே தொடைத் தோலுக்குப் போகும் ஒரு நரம்பு இருக்கிறது, இறுக்கமான பெல்ட் அதை நசுக்கிவிடும். துப்பாக்கி பெல்ட் கட்டும் போலீஸ்காரர்களுக்கும் வருவதுண்டு. பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தினால் பல பேருக்குச் சில வாரத்தில் போய்விடும்.

சரி, இப்போது வெஸ்ட்டைத் தரையில் வைத்துப் பிரியுங்கள். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே வையுங்கள். இரும்புத் தகடு இரண்டும் சேர்ந்தே நாலைந்து கிலோ காட்டும். அது எதற்கு? உங்கள் மேல் படப்போவது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு, எடை 0.20 கிராம் அல்லது அதற்குச் சற்று மேல். கண்ணுக்கும் முகத்துக்கும் பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். நெஞ்சுக்கு ஒரு கெட்டிச் சட்டை போதும். தகடு இல்லாவிட்டால் வெஸ்ட் தொளதொளவென்று தொங்குகிறது என்பீர்கள், அது நியாயம். பழைய யோகா மேட்டைத் தகட்டின் அளவுக்கு வெட்டி இரண்டு மூன்று அடுக்காக ஒட்டி உள்ளே செருகுங்கள். வடிவம் நிற்கும், எடை சில நூறு கிராம்தான். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு இது ஒன்றிலேயே வலி குறைந்திருக்கிறது. மீதிப் பேர் தகட்டைக் கழற்றச் சம்மதிக்கவில்லை, ஃபோட்டோவில் கெத்தாக இருக்காதாம்.

குண்டுகளையும் கொஞ்சம் யோசியுங்கள். 0.20 கிராம் குண்டு ஆயிரம் என்றால் 200 கிராம், ஐயாயிரம் என்றால் ஒரு கிலோ. ஒரு ரவுண்டு ஆட்டத்துக்கு எவ்வளவு ஆகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை மரத்தடியில் வைத்துவிடலாம். மேகசின்களை நெஞ்சில் இரண்டு அடுக்காக வைக்காதீர்கள், தரையில் படுக்கும்போதும் குத்தும். இரண்டைச் சாமான் மாட்டும் பெல்ட்டின் பக்கவாட்டுக்கு மாற்றுங்கள். தோளில் தொங்கும் எடை முதுகெலும்பு முழுக்க இறங்கிக் கடைசியில்தான் இடுப்புக்கு வருகிறது. பெல்ட்டில் இருக்கும் எடை நேரே இடுப்பெலும்பில் உட்காருகிறது. பெல்ட் அந்த எலும்பின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும், வயிற்றில் அல்ல.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். மே மாத மதுரை வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பையில் ஒன்றரை இரண்டு லிட்டர் ஊற்றினால் அது முன்பக்க எடையைச் சமன் செய்யவும் உதவும். குடிக்கக் குடிக்கப் பின்னால் எடை குறையும் என்பதால் ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மாட்டும் உயரம் பலருக்குத் தெரிவதில்லை. முன்தகட்டின் மேல்விளிம்பு தொண்டைக்குழிக்கு நேராக இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் அதைத் தொப்புள்வரை இறக்கிப் போடுகிறார்கள். குனியும்போது கீழ்விளிம்பு தொடையில் இடிக்கும், அதைத் தவிர்க்க இடுப்பை இன்னும் வளைப்பீர்கள். விலாவைச் சுற்றும் பட்டையை, குதித்தால் வெஸ்ட் ஆடாத அளவுக்கு இறுக்குங்கள். ஆழமாக மூச்சு இழுத்துப் பாருங்கள், இழுக்க முடிந்தால் சரி. தோள் பட்டை மெல்லிசாக இருந்தால் அகலமான பஞ்சு உறை தைத்துப் போடலாம். மீனாட்சியம்மன் கோவிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன தையற்காரர்கள் திருவிழாவுக்கு எத்தனையோ விதமான வேஷ உடுப்பு தைப்பவர்கள், இதெல்லாம் அவர்களுக்கு விளையாட்டு. ரெக்ஸின் பை தைப்பவரிடம் கொடுத்தாலும் சரி.

துப்பாக்கிக்கு ஒற்றை முனையில் மாட்டும் வார் வேண்டாம். கையை விட்டதும் துப்பாக்கி முன்னால் தொங்கி முட்டியில் அடிக்கும், கழுத்தின் ஒரு பக்கமே எல்லா எடையையும் வாங்கும். இரண்டு முனையிலும் மாட்டி முதுகைக் குறுக்கே சுற்றிவரும் வாராக இருந்தால், சுடாத நேரத்தில் துப்பாக்கியை உடம்போடு ஒட்டி விட்டுவிடலாம். ஜெல் பந்து சுடும் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், எடை குறைவு, இந்தப் பத்தியை நீங்கள் தாண்டிப் போகலாம்.

அப்புறம் பைக். இதை ஒருவரும் தாங்களாகச் சொல்வதில்லை, நான்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. எல்லாச் சாமானையும் ஒரே பையில் திணித்து முதுகில் மாட்டி, வண்டியில் முன்னால் குனிந்து, நகரத்தைத் தாண்டிப் போய்த் திரும்பவும் அப்படியே வருகிறீர்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் பள்ளத்திலும் அந்த 12 கிலோ ஒருமுறை தூக்கி ஒருமுறை இடுப்பில் இறங்குகிறது. மூன்று மணி நேரம் ஆடிக் களைத்த முதுகுக்குத் திரும்பி வரும் பயணம் ஆட்டத்தைவிட மோசம். சில பேருக்கு வலியின் முழுக் காரணமும் இதுதான். பையைப் பின்சீட்டில் வைத்து ரப்பர் கயிற்றால் கட்டுங்கள். பின்சீட்டில் ஆள் இருந்தால் பையை இரண்டாகப் பிரித்துப் பெட்ரோல் டேங்க் மேல் ஒன்று வையுங்கள். யாராவது கார் கொண்டு வந்தால் எல்லார் சாமானும் அதில் போகட்டும்.

இப்போது வலி இருக்கும்போது என்ன செய்வது? படுத்தே கிடக்காதீர்கள். முதல் நாள் ரொம்பப் பிடித்திருந்தால் மல்லாக்கப் படுத்து, கால்களை நாற்காலிமேல் வைத்து அவ்வப்போது பத்து நிமிடம் இருக்கலாம். அதற்குமேல் படுக்கை வேண்டாம். சுடுதண்ணீர்ப் பை, சுடுதண்ணீர்க் குளியல், வீட்டைச் சுற்றிச் சின்னச் சின்ன நடை. பெரும்பாலான திடீர் இடுப்புவலி சில வாரங்களில், கூடிப்போனால் ஆறு வாரத்தில், நன்றாகக் குறைந்துவிடும். ஆஸ்திரேலியாவில் நடந்து 2014-ல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வில், இந்த மாதிரி வலிக்குப் பாராசிட்டமால் சாப்பிட்டவர்களும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே கால அளவில்தான் தேறினார்கள். டைக்ளோஃபெனாக் மாதிரியான மாத்திரை சில நாள் உதவும். ஆனால் ஆட்டத்துக்கு முன்னாலேயே போட்டுக்கொண்டு வெயிலில் வியர்த்து ஓடுவது ஆபத்து. உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அந்த வகை மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றையும் புண்ணாக்கும். மெடிக்கலில் வலிக்கு என்று கேட்டு வாங்கி வருவதை விட்டுவிட்டு டாக்டரிடம் கேளுங்கள்.

பாட்டி எண்ணெய் தேய்த்துவிட்டால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மென்மையாகத் தேய்த்தால் தசை இளகும். கால் முதலில் வெளியே வரப் பிறந்தவரைக் கூப்பிட்டு முதுகை மிதிக்கச் சொல்வதும், சுளுக்கு எடுக்கிறேன் என்று படக்கென்று முறிப்பதும் வேண்டாம்.

எம்ஆர்ஐ ஏன் வேண்டாம் என்றேன் என்றால், எடுத்தால் ஏதாவது தெரியத்தான் செய்யும். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஒரு ஆய்வு வந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது, 80 வயதில் 96 சதவீதம். உங்கள் ரிப்போர்ட்டிலும் அப்படி ஒரு வரி இருந்தால், அதைப் படித்த நாளில் இருந்து குனியவே பயப்படுவீர்கள். வலி முட்டிக்குக் கீழே காலில் இறங்கினாலோ, ஆறு வாரத்தில் குறையாவிட்டாலோ அப்போது பார்ப்போம்.

வலி தணிந்த பிறகு செய்ய வேண்டியது முதுகுக்குத் தாக்குப்பிடிக்கும் சக்தியை வளர்ப்பது. அஞ்சு நாள் நாற்காலியில் சாய்ந்திருந்துவிட்டு ஆறாவது நாள் தூங்கி ஏழாவது நாள் சிப்பாய் ஆகிறீர்கள், தசைக்கு இது தெரியாது. முதலில் சரியாகக் குனியக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு சிலம்பக் கம்பு, இல்லாவிட்டால் ஒட்டடைக் கம்பு எடுத்து முதுகோடு நெட்டுக்குத்தாக வையுங்கள். ஒரு கை கழுத்துக்குப் பின்னாலும் இன்னொரு கை இடுப்புக்குப் பின்னாலும் கம்பைப் பிடித்திருக்கட்டும். பின்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு, மூன்று இடத்திலும் கம்பு பட வேண்டும். சுவருக்கு ஒரு அடி முன்னால், சுவருக்கு முதுகு காட்டி நில்லுங்கள். முட்டியை லேசாக மடக்கி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். தொடும்போது மூன்று இடத்தில் ஒன்று கம்பை விட்டு விலகினால் முதுகில் மடங்குகிறீர்கள் என்று அர்த்தம். விலகாமல் தொட வரும்வரை தினமும் செய்யுங்கள். வந்த பிறகு தண்ணீர்க் கேன் தூக்குவது, ஷூ மாட்டுவது, மரத்துக்குப் பின்னால் பதுங்குவது எல்லாவற்றையும் இதே மடிப்பில் செய்யுங்கள்.

அதோடு மூன்று பயிற்சி. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் சொன்னவை. மல்லாக்கப் படுத்து ஒரு முட்டியை மட்டும் மடக்கி, இரண்டு கையையும் இடுப்புக்கு அடியில் கொடுத்து, தலையையும் தோளையும் தரையிலிருந்து கொஞ்சமே கொஞ்சம் தூக்குவது. முழங்கையும் முட்டியும் ஊன்றிப் பக்கவாட்டில் இடுப்பைத் தூக்கி நிற்பது. குழந்தை தவழும் நிலையில் இருந்து வலது கையையும் இடது காலையும் நீட்டி, பிறகு மாற்றிச் செய்வது. ஒவ்வொன்றையும் எட்டுப் பத்து எண்ணும்வரை பிடித்து, ஆறு தடவை, பிறகு நாலு, பிறகு இரண்டு. ஜிம்மில் நிறைய எடை தூக்கும் ஆட்களுக்குக்கூட முதல் வாரத்தில் கடைசிப் பயிற்சியில் இடுப்பு ஆடும்.

சுமையோடு நடந்தும் பழகுங்கள். வெஸ்ட்டில் பாதி எடை வைத்து, விடியற்காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்திலோ உங்கள் தெருவிலோ இருபது நிமிடம். போலீஸ்காரர் நிறுத்திக் கேட்கும் தோற்றம் வேண்டாம், சாதாரணப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு கிலோவுக்குமேல் கூட்டாதீர்கள்.

பெல்ட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதுகுவலிக்கென்று விற்கும் இடுப்பு பெல்ட் வலி வராமல் தடுக்கும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. பிடித்திருக்கும் ஓரிரு நாள் வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம் என்றால் மூன்று நாலு மணி நேரம் கட்டிக்கொள்ளலாம். ஆட்டத்தில் வெஸ்ட்டுக்கு அடியில் கட்டாதீர்கள், வேர்க்குரு வரும், மூச்சு முட்டும், பயமில்லாமல் இன்னும் அதிகமாகக் குனிவீர்கள். அந்தக் காசுக்கு நல்ல இரட்டை முனை வார் வாங்கலாம்.

அடுத்த ஞாயிறு போகலாமா என்றால், ஷூவைச் சிரமமில்லாமல் மாட்ட முடிந்தால் போங்கள். தகடு இல்லாமல், இரண்டு ரவுண்டு மட்டும். ரவுண்டுக்கு நடுவில் வெஸ்ட்டைக் கழற்றி வைத்து, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி மெதுவாகப் பின்னால் வளையுங்கள். மறுநாள் காலையில் வலி கூடாமல் இருந்தால் அதற்கடுத்த வாரம் ஒரு ரவுண்டு கூட்டலாம். இதெல்லாம் செய்தும் குறையவில்லை என்றால் பெரியாஸ்பத்திரியிலேயே பிசியோதெரபி பிரிவு இருக்கிறது, உங்கள் தெருவுக்கு அருகில் படித்த பிசியோ இருந்தாலும் சரி. போகும்போது வெஸ்ட்டையும் ஹெல்மெட்டையும் அந்தப் பையையும் கையோடு கொண்டு போய், மாட்டிக் காட்டுங்கள். வாயால் விளக்குவதைவிட அது சீக்கிரம் புரியும்.